கப்பலூர்த் தொழிற்பேட்டையாருக்கு: இரண்டு மணிக்கொரு தரம் பத்து நிமிடம்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஆலையும் பட்டறையும் நடத்தும் முதலாளிகளுக்கும், ஷிப்ட் பார்க்கும் சூப்பர்வைசர்களுக்கும், பக்கத்து மெஷினில் நிற்கும் தோழர்களுக்கும் இந்த மடல்.

உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபடி லேத் முன்னால் வந்து நின்றவன் நான். இந்தப் பேட்டையில் நான் மட்டுமில்லை. திருமங்கலத்திலிருந்தும் திருப்பரங்குன்றத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பலாமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் நிலையை உங்களில் சிலரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். வேலை நேரத்தில் அதைப் பொறுமையாகக் கேட்க யாராலும் முடிவதில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

உங்கள் கண்ணில் படுவது என்ன என்று எனக்குத் தெரியும். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது, கன்னம் ஒட்டிக்கிடக்கிறது. பத்து மணிக்கு ஒரு டப்பாவைத் திறக்கிறான், பன்னிரண்டுக்கு இன்னொன்றைத் திறக்கிறான். மத்தியானம் எல்லாரும் தட்டு நிறையச் சோறு வாங்கும்போது நாலு வாயோடு எழுந்துவிடுகிறான். சில நாள் சாப்பிட்ட கையோடு முகம் வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஆள் உருகிட்டான், இனி தேறமாட்டான்" என்று முடிவு கட்டுகிறீர்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இந்த மடல். மெலிவதும் அடிக்கடி சாப்பிடுவதும் நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை. மெலிவு அந்த அறுவையோடு கூடவே வருவது. அடிக்கடி சாப்பிடுவது நாங்கள் தேறுகிற வழி.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். தொண்டைக்குக் கீழே ஆரம்பித்து வயிறு வரை போகும் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். புற்று வந்தால் அதில் பெரும்பகுதியை, அதைச் சுற்றிய நிணநீர் முடிச்சுகளோடு எடுத்துவிடுகிறார்கள். வெட்டிய இடத்தை நிரப்ப இரைப்பையையே ஒடுக்கமான குழாயாகத் தைத்து, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மீதமுள்ள உணவுக்குழாயோடு நெஞ்சிலோ கழுத்திலோ சேர்த்துவிடுகிறார்கள். பானை இருந்த இடத்தில் இப்போது ஒரு குழாய்தான் இருக்கிறது. பானை கொள்ளும் சோற்றைக் குழாய் கொள்ளாது. அதனால் நாலு வாயிலேயே நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு இழப்புகள் உண்டு. வயிற்றில் இருப்பது மேலே ஏறாமல் காக்கும் இறுக்குத் தசை அறுவையோடு போய்விடுகிறது. இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. ஆகவே பசி என்ற உணர்வே பல மாதம் சரியாக வருவதில்லை. தின்றது கீழே இறங்கப் பெரும்பாலும் உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். குனிந்தாலோ படுத்தாலோ புளிப்பும் பித்தமும் தொண்டைக்கு வந்துவிடும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் நாங்கள் பட்டினிதான். கடிகாரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக.

இந்த அறுவை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். 1913-இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், 67 வயதுப் பெண் ஒருவருக்கு நெஞ்சைத் திறந்து புற்று வந்த உணவுக்குழாயை வெட்டி எடுத்தார். வெட்டிய இரண்டு முனைகளையும் உள்ளே சேர்க்க அன்று வழியில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டுக்கும் நடுவே உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்த அம்மா வாயால் மென்று விழுங்கியது அந்த ரப்பர் வழியாகத்தான் வயிற்றுக்குப் போனது. அப்படியே பத்தாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். 1946-இல் ஐவர் லூயிஸ் என்ற மருத்துவர், வயிற்றையும் வலது நெஞ்சையும் திறந்து உள்ளேயே இணைக்கும் முறையை எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த அறுவை வழங்குகிறது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சை விரித்துப் பிளக்காமல் சிறு துளைகள் வழியாக 130 பேருக்கு இந்த அறுவையைச் செய்து, அந்த அனுபவத்தை 2006-இல் வெளியிட்டார். அந்தக் குப்புறப் படுக்கும் முறையிலான துளை அறுவையை ஐரோப்பாவில் திறந்த அறுவையோடு ஒப்பிட்டு, 2012-இல் முடிவு சொன்னார்கள். திறந்த அறுவையில் 100-க்கு 29 பேருக்கு முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது, துளை அறுவையில் 9 பேருக்குத்தான் வந்தது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்து ஒரு தொழிலாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறது. அவன் மறுபடி நாலு பேர் நடுவே நின்று சம்பாதிக்கிறானா, திண்ணையோடு முடங்குகிறானா என்பதை ஆஸ்பத்திரி தீர்மானிப்பதில்லை. அதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

வீடு திரும்பிய முதல் வாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் பலர் வயிற்றில் செருகிய சிறு குழாயோடுதான் வீட்டுக்கு வருகிறோம். மனைவியோ மகளோ வடிகட்டிய கஞ்சியைச் சிரிஞ்சில் ஏற்றி, மெதுவாகச் செலுத்தி, அடைக்காமலிருக்க வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி மூடுவார்கள். வாயில் ஒரு சொட்டுச் சுவைகூடப் படாமல் வயிறு நிறைவது என்னவென்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். பிறகு தண்ணீர், மோர், கூழ், குழைந்த சோறு என்று படிப்படியாக வாய் திறக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது சகஜம், சிலருக்கு அதற்கு மேலும் குறையும். சுமார் ஆறு மாதத்தில் இறக்கம் நின்று எடை ஒரு நிலைக்கு வரும். தெம்பு திரும்ப ஒரு வருடம் ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் இலேசான வேலைக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு, ஆறு மாதம் பிடிப்பவர்களும் உண்டு. வந்ததுமே பழைய ஆளாக நின்றுகாட்டு என்று எதிர்பார்த்தால் யாராலும் முடியாது.

என் டப்பாக்களை நீங்கள் வேடிக்கை பார்க்கிறீர்கள், அதனால் அவற்றில் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றில் பாசிப்பருப்பில் ஊறிய ஒரே ஒரு இட்லி. ஒன்றில் அவித்த முட்டை. ஒன்றில் குழைத்த தயிர்ச்சோறு ஒரு கைப்பிடி. ஒன்றில் முள் எடுத்த மீன், அல்லது கெட்டியான கேப்பைக் கூழ். வெர்னியர் வைக்கும் தட்டுக்கு மேலே, ஆயில் படாத மூலையில் இவற்றை அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, நிதானமாக விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான். கையில் ஒட்டிய ஆயிலைச் சோப்புப் போட்டுக் கழுவவே மூன்று நிமிடம் போய்விடும். அதனால்தான் பத்து நிமிடம் கேட்கிறேன். அவசரத்தில் அள்ளிப் போட்டால் நெஞ்சில் நின்று, அந்த ஷிப்டே வீணாகிவிடும்.

சாப்பிட்டவுடன் வேர்ப்பதற்கும் காரணம் உண்டு. நரம்பு வெட்டுப்பட்ட, ஒடுங்கிய இரைப்பையிலிருந்து உணவு சட்டென்று குடலுக்குள் கொட்டிவிடுகிறது. கால் மணி, அரை மணிக்குள் வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும், கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். இனிப்பு சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு வகை வரும். சர்க்கரை திடீரென ஏறி, திடீரென இறங்கி, கை நடுங்கும், கண் இருளும். நம் ஊர் ஜிகர்தண்டாவை அன்போடு வாங்கி நீட்டுகிறீர்கள். நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை நீட்டுகிறீர்கள். வேண்டாமென்றால் முகம் சுருங்குகிறீர்கள். ஓடுகிற மெஷின் முன்னால் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரம் இரண்டு பிஸ்கட் தின்று, பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். அந்த இடைவேளையைக் கொடுப்பது இரக்கம் என்று நினைக்காதீர்கள். மெஷினுக்குப் பாதுகாப்புக் கவசம் போடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்.

இப்போது மனக்குறையைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், ஒரு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னண்ணே, எந்நேரமும் டப்பாவும் கையுமா இருக்கீங்க? இது வேலை பாக்குற இடமா, கல்யாண மண்டபமா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் நான் டப்பாவைத் திறக்கவில்லை. மத்தியானம் ஒரே வேளையாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. "இந்த உடம்போட இனி வேணாம்ணே, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஐயா, அந்த உடம்பைக் குறைத்தது நோய் இல்லை, அந்தச் சிரிப்புதான்.

இன்னொரு பட்டறையில் என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. எச்சிலில் பரவாது, வேர்வையில் பரவாது, ஒரே குடத்துத் தண்ணீரில் பரவாது. "குடிச்சிருப்பான், பொகையிலை போட்டிருப்பான், அதான் அனுபவிக்கிறான்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதும் காதில் விழுகிறது. புகையிலையும், பாக்கும், சாராயமும் இந்த நோய்க்குப் பெரிய காரணங்கள்தான், அதை மறைக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எதையும் தொடாமல் இந்த நோய் வந்தவர்களும் உண்டு. தொட்டவனுக்கும் இரண்டாவது வாழ்க்கை வேண்டாமா? காரணம் பேசுவதானால், ஷிப்ட் நடுவே கன்னத்தில் பொட்டலம் ஒதுக்குகிற தம்பிகளிடம் பேசுங்கள். அங்கே பேசினால் பயன் உண்டு.

முதலாளிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடு, நீங்கள் 3.25 விழுக்காடு கட்டுகிறீர்கள். நோய் வந்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு என்ற விகிதத்தில் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்க வழியிருக்கிறது. ஆனால் நீட்டிப்பு கிடைக்க, ஒழுங்காகச் சந்தா கட்டிய வேலைக்காலம் பதிவில் இருக்க வேண்டும். இங்கேதான் எங்கள் வயிறு எரிகிறது. வருடக்கணக்காக உழைத்தவன் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போதுதான், தன் பெயர் பதிவிலேயே ஏறவில்லை என்றோ, நடுவில் நிறுத்தி நிறுத்திக் காட்டப்பட்டிருக்கிறது என்றோ தெரிந்துகொள்கிறான். நீங்கள் மிச்சம் பிடித்த அந்தச் சில நூறு ரூபாய், அவன் வீட்டில் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்புகிறது.

வேலைக்கு நடுவே உட்கார இடம் கேட்பதும் புதிய கோரிக்கை இல்லை. நின்றபடி வேலை செய்பவர்கள் சமயம் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021-இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆரோக்கியமான ஆளுக்கே சட்டம் நாற்காலி கேட்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே கீறிய ஆளுக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். அந்தக் கீறலின் வலி பல மாதம் போகாது. சட்டை உரசினாலும், பஸ் குலுங்கினாலும் சுரீரென்று இழுக்கும். மூச்சு பழைய ஆழத்துக்கு வர, பந்து ஏறும் கருவியை வைத்து மூச்சிழுத்துப் பழக வேண்டும், தினமும் நடக்க வேண்டும். படிப்படியாக வேலை செய்வதும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதிதான். மனுஷன் நாலு பேரோடு பேசி, கையில் ஒரு வேலையை முடித்துப் பார்க்கும்போது வருகிற தெம்பை எந்த டானிக்கும் தராது.

எங்களை வைத்துக்கொள்வது நஷ்டம் என்றும் எண்ணாதீர்கள். அளவு பார்க்காமலே ஜாப்பின் சத்தத்தை வைத்து டூல் மழுங்கியதைச் சொல்கிற கை அனுபவம் அறுவையில் போய்விடவில்லை. கனம் தூக்க முடியாத மாதங்களில் எங்களைத் தரம் பார்க்க, அளவு சரிபார்க்க, புதுப் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க நிறுத்துங்கள். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு மெதுவாக மெஷினுக்கு வந்தேன்.

தோழர்களே, உங்களிடமும் ஒன்று. கேன்டீனில் கூட உட்காருகிறவர் சில வாரமாகப் பரோட்டாவைத் தண்ணீர் விட்டு விட்டு விழுங்குகிறாரா? "சோறு இறங்கல, நெஞ்சுல நிக்குது" என்கிறாரா? அதை வாய்வு என்று சொல்லி ஜெலூசில் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ இ.எஸ்.ஐ.க்கோ கூட்டிப்போய் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கெட்டியானது நிற்கும், பிறகு இட்லி நிற்கும், கடைசியில் தண்ணீரே நிற்கும். தண்ணீர் நிற்கும்வரை காத்திருந்தவர்களில் பலருக்கு அறுவை செய்யும் கட்டமே தாண்டிவிடுகிறது. அறுவை முடிந்து வந்தவருக்கே மறுபடி சோறு நின்றாலும் பயந்து ஒளிக்க வேண்டாம். தைத்த இடம் சுருங்குவது அடிக்கடி நடப்பது, குழாய் விட்டு விரித்துவிடுவார்கள். அதற்கு ஒரு நாள் லீவு கேட்டால் "மறுபடியும் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

காதுகுத்துக்கும் கெடாவெட்டுக்கும் கூப்பிடும்போது எங்களை விட்டுவிடாதீர்கள், வருவோம். இலையில் பாதி மிச்சம் வைத்தால் குறையாக எடுக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்த வேண்டாம். கூட உட்கார்ந்திருந்தாலே போதும்.

இனி என் கோரிக்கை. அறுவை முடிந்து வேலைக்கு வருகிறவருக்கு, டாக்டர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கொரு தரம் பத்து நிமிடம் சாப்பாட்டு இடைவேளையைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் கொடுங்கள். தெம்பு திரும்பும்வரை பகல் ஷிப்ட் போடுங்கள். இரவெல்லாம் நின்றுவிட்டுப் பகலில் தலையணை உயர்த்திப் படுப்பது எங்களுக்குப் பெரிய வதை. குனிந்து தூக்கும் வேலையைத் தள்ளி வையுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வைக்காதீர்கள். உங்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவருடைய இ.எஸ்.ஐ. சந்தாவும் அந்தந்த மாதம் ஏறுகிறதா என்று நீங்களே ஒரு தரம் பாருங்கள், தொழிலாளிக்கும் காட்டுங்கள். இவற்றில் எதற்கும் புது மெஷின் வாங்கும் செலவு இல்லை.

பேட்டையின் உற்பத்தியாளர் கூட்டங்களில் மின்கட்டணம் பேசுகிறீர்கள், டோல்கேட் பேசுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எல்லாப் பட்டறைக்கும் ஒரே நடைமுறையாக எழுதி, ஷிப்ட் பட்டியல் ஒட்டும் பலகையில் ஒட்டுங்கள். அப்படி எழுதி வைத்தால் நோயாளி ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் தன் நெஞ்சைத் திறந்து காட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. சூப்பர்வைசருக்கும் முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம் இருக்காது. அதோடு, உடம்பைக் காரணம் சொல்லி நீங்கள் கணக்கு முடித்து அனுப்பிய ஆள் யாராவது இருந்தால், இந்த வாரமே அவருக்குப் போன் செய்து, டாக்டர் சம்மதித்தால் இலேசான வேலைக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கப்பலூர்த் தொழிற்பேட்டையில் உங்களோடு வேலை செய்யும் ஒரு டர்னர்